கம்பி விழுங்கிய மரம்

கத்தியை மேலோட்டமாகத்தான் வைத்தாள் கைசா. இரைப்பை பலூன் மாதிரி ஊதியிருந்தது. அழுத்திக் குத்தினால் முகத்தில் தெறிக்கும். தம்பி மானைச் சுட்ட இடத்தில், பனியில் குவிந்து கிடந்த குடலிலிருந்து இன்னும் ஆவி எழுந்துகொண்டிருந்தது. மேலே ஸ்ப்ரூஸ் கிளையில் இரண்டு அண்டங்காக்கைகள் இவள் எப்போது நகருவாள் என்று பொறுமையில்லாமல் பார்த்துக்கொண்டிருந்தன.

பலசரக்குக் கடையின் இறைச்சிப் பிரிவில் இருபத்திரண்டு வருடமாகக் கத்தி பிடிப்பவள் அவள். நவம்பர் வந்துவிட்டால் அந்த ஊரின் பாதி மான்கள் அவள் மேஜைமேல்தான் துண்டாகும். ஆகவே அருவருப்பு என்று ஒன்றும் இல்லை. ஆனால் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கத்தான் மனம் வரவில்லை.

கிழித்தாள். பச்சையும் பழுப்புமாக அரைபட்ட கூழ் வழிந்தது. அதற்கு நடுவில், யாரோ வேண்டுமென்றே எண்ணிப் போட்டது போல, ஆரஞ்சு நிறத் துண்டுகள்.

"கேரட்," என்றாள் காக்கைகளிடம். "வேற என்ன?"

அவள் அப்பா ரெய்னோ வீட்டில் செத்துக்கொண்டிருந்தார். நுரையீரல். மருத்துவமனைக் கட்டிலை முன்னறைக்குக் கொண்டுவந்து ஜன்னலை ஒட்டிப் போட்டு ஒன்பது நாள் ஆகிறது. இன்று மான் வேட்டைக் காலத்தின் முதல் நாள். அவருடைய எண்பத்தொரு வயதில், அறிவு தெரிந்த பிறகு, இந்த நாளில் அவர் வீட்டுக்குள் படுத்திருப்பது இதுதான் முதல் தடவை. "இன்னிக்குப் போக மாட்டார், பிடிவாதக்காரர். யாருக்கு என்ன கிடைச்சுதுன்னு கேக்காம போக மாட்டார்," என்று நர்ஸ் மர்லீனே சொல்லியிருந்தாள்.

காலை எட்டு மணிக்குத் தம்பி டேரில் எட்டுக் கிளைக் கொம்புள்ள கலைமானை இழுத்து வந்து, ஜன்னலுக்கு நேரே மேப்பிள் மரத்தில் தொங்கவிட்டான். அப்பா தலையைத் திருப்பிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"நல்ல மான்," என்றார். பிறகு கைசாவிடம், "வயித்தைப் பாத்தியா?"

அது அந்த வீட்டு வழக்கம். யார் மான் சுட்டாலும் ரெய்னோ கத்தியோடு போய் இரைப்பையைத் திறந்து, கடைசியாக அது என்ன தின்றது என்று பார்ப்பார். ஓக் விதையா, சீடர் இலையா, காய்ந்த புல்லா. அதைப் பார்த்துத்தான் அடுத்த நாள் எங்கே உட்காருவது என்று முடிவு செய்வார். ஆறு வருடத்துக்கு முன்பு டேரில் சுட்ட மானை அக்கம்பக்கத்தார் எல்லாரும் சுற்றி நிற்கத் திறந்தார். கேரட் கொட்டியது. மானை வரவழைக்க டேரில் காட்டில் குவித்து வைத்திருந்த இரை. கத்தியைப் பனியில் துடைத்துக்கொண்டே, "இது வேட்டை இல்ல. பந்தியில உக்கார வெச்சுக் கழுத்தறுத்திருக்க," என்றார். அத்தோடு சரி. அன்றிலிருந்து மகன் கொண்டுவந்த கறியை அவர் வாயில் வைத்ததில்லை. மகன் அந்த வீட்டுச் சமையலறைக்குள் கால் வைத்ததில்லை. கூரையில் ஏறிப் பனி தள்ளினான், கொல்லையிலிருந்த கொதிகலனைச் சரி செய்தான், எல்லாம் வெளியே நின்றுகொண்டே. அப்பனும் மகனும் ஒரே வார்ப்பு.

"அக்கா, போகாத," என்று அவன் வாசலில் வழிமறித்திருந்தான். அவனுக்கு நாற்பத்தாறு வயது. மரலாரி ஓட்டி ஓட்டி முதுகு வளைந்துவிட்டது. "ஓக் விதைன்னு சொல்லிடு. அவரு இனிமே எழுந்து வந்தா பாக்கப் போறாரு?"

"அதுக்கு வேற ஆளப் பாரு."

"எனக்கு லீவு ரெண்டே நாள். அவரை மாதிரி பதினாறு நாள் குத்த வெச்சு உக்கார முடியுமா? தலைகுனிஞ்சு தின்னுட்டு நிக்கற மானை ஒரே குண்டுல சாய்ச்சேன். அது ஒரு அடி கூட ஓடல. காயத்தோட மூணு மைல் ஓடவிட்டுத் தேடிட்டிருக்கறதுதான் தர்மமா?"

"என்கிட்ட ஏன் சொல்ற? உள்ள போய் அவர்கிட்ட சொல்லு."

"அவரு சாப்பிடணும்க்கா," என்றான் டேரில். "ஒரு வாய். அவ்வளவுதான். போறதுக்கு முன்னாடி என் கையால ஒரு வாய்."

கைசாவுக்கு அவனைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் பொய் சொல்ல அவளுக்கு வராது. அப்பாவிடம் இதுவரை சொன்னதில்லை, சாகப் போகிறவரிடம் ஆரம்பிக்கப் போவதும் இல்லை.

ஒரு கேரட் துண்டைப் பனியில் கழுவிக் கைக்குட்டையில் முடிந்துகொண்டாள். திரும்பும்போது நேர்வழி பிடித்தாள். அந்த வழி அப்பாவின் இடத்தைத் தாண்டிப் போகிறது. ஒருவர் உட்காரும் இடத்துக்கு இன்னொருவர் போகக் கூடாது என்பது அந்தக் காடுகளில் எழுதாத சட்டம். சிறுமியாக இருந்தபோது ஒரே ஒருமுறை வந்திருக்கிறாள், திட்டு வாங்கியிருக்கிறாள். இன்றைக்குத் திட்ட ஆள் இல்லை.

அடிக்கட்டை அங்கேயேதான் இருந்தது, ஐம்பது வருடம் உட்கார்ந்து உட்கார்ந்து நடுவில் வழவழத்துப்போய். அவள் உட்கார்ந்தாள். துப்பாக்கி இருப்பது போலக் கையைத் தூக்கி, அவர் எதைப் பார்த்திருப்பார் என்று பார்த்தாள்.

நாற்பது அடி தூரத்தில், கண்ணுக்கு நேரே, ஓர் ஆப்பிள் மரம்.

சுற்றிலும் ஸ்ப்ரூஸும் சீடரும். சதுப்பு நிலத்தின் ஓரம். அங்கே ஆப்பிளுக்கு என்ன வேலை? கோணல்மாணலாக நின்றது. அடியில் பனி முழுக்க மான் குளம்புத் தடம். உச்சியில் சில சின்னக் காய்கள் சுருங்கித் தொங்கின. தினமும் அப்பா காட்டுக்குக் கிளம்பும்போது எடுத்துப்போவது இரண்டே பொருள்: மாவுக்குள் கறியும் கிழங்கும் வைத்துச் சுட்ட பாஸ்டி ஒன்று, ஆப்பிள் ஒன்று. கைசாதான் கட்டிக் கொடுப்பாள். தின்று முடித்த ஆப்பிளின் நடுத்தண்டை என்ன செய்வார் என்று அவள் யோசித்ததே இல்லை. உட்கார்ந்த இடத்திலிருந்து கையை வீசினால் சரியாக அங்கேதான் விழும்.

எழுந்து கிட்டே போனாள். அடிமரத்தில், முழங்கால் உயரத்தில், துருப்பிடித்த கம்பி வலை. பட்டை வளர்ந்து வளர்ந்து அதைப் பாதி விழுங்கியிருந்தது. விரலால் தடவினாள். தானாக முளைத்த செடி சரி, தானாக வேலி போட்டுக்கொண்ட செடியை அவள் பார்த்ததில்லை.

"அட கிழவா," என்றாள் சத்தமாக. அந்தக் குளிரிலும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. கிளையை உலுக்கி, விழுந்த காய் ஒன்றை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாள்.

அப்பா விழித்திருந்தார். ஆக்சிஜன் குழாய் மூக்கில் சீறிக்கொண்டிருந்தது. மர்லீன் ஈரப்பஞ்சால் உதட்டைத் துடைத்துவிட்டு நகர்ந்தாள். கதவுக்கு வெளியே டேரில் கேட்டுக்கொண்டிருப்பது கைசாவுக்குத் தெரியும்.

"என்ன தின்னிருக்கு?"

கைசா அவர் வலது உள்ளங்கையில் கேரட் துண்டை வைத்தாள். அவர் விரல்கள் அதை உருட்டிப் பார்த்தன. கண்ணை மூடிக்கொண்டார்.

"தெரியும்," என்றார்.

"முடிக்கலப்பா. இந்தக் கையையும் நீட்டுங்க."

இடது உள்ளங்கையில் சுருங்கிய அந்த ஆப்பிளை வைத்தாள். அவர் கண்ணைத் திறந்தார்.

"எங்க போன நீ?"

"உங்க எடத்துக்குத்தான். உக்காந்தும் பாத்தேன். அந்த மரம் எப்படி வந்துது?"

"எறிஞ்சது முளைச்சுது. வேணும்னு எறியல."

"சரி. கம்பி வலையும் தானா முளைச்சுதா?"

ரெய்னோ கண்ணை ஜன்னல் பக்கம் திருப்பினார். மூச்சு மேலும் கீழுமாக இழுத்தது. மர்லீன் கைசாவை முறைத்தாள். சாகக் கிடக்கிற மனிதரைக் குறுக்கு விசாரணை செய்கிறாளே என்று அவளுக்குக் கோபம். ஆனால் கைசாவுக்கு அப்பாவைத் தெரியும். தடவிக்கொடுத்தால் தூங்கிவிடுவார், மல்லுக்கு நின்றால்தான் விழித்திருப்பார்.

"குட்டியா இருந்துச்சு," என்றார் கடைசியில், ஒவ்வொரு சொல்லுக்கும் நின்று. "மான் கடிச்சுக் கடிச்சு... முழங்கால் உசரத்துக்கு மேல ஏறவே இல்ல. பாவமா இருந்துச்சு. கட்டினேன்."

"காய்ச்சா மான் வரும்னு தெரியாதா?"

"தெரியும்."

"அப்புறம்?"

"வந்துச்சு. சுட்டேன்."

"அப்புறமும் எறிஞ்சுக்கிட்டேதான் இருந்தீங்களா?"

அதற்குப் பதில் இல்லை. இல்லாத பதிலை அவள் ஆமாம் என்று எடுத்துக்கொண்டாள். வெற்றி பெற்றவளின் நிதானத்தோடு போர்வையை இழுத்துவிட்டாள். ஜன்னலுக்கு வெளியே மான் காற்றில் லேசாகத் திரும்பியது.

"கேரட் தப்புதான்," என்றார் அப்பா.

"சரிப்பா."

"வலையும் தப்புதான்." மூச்சு வாங்கினார். "அவனை உள்ள வரச் சொல்லு. அந்த ஈரலைப் பொரிக்கச் சொல்லு. வெங்காயம் நிறையப் போடணும்."

டேரில் ஆறு வருடத்துக்குப் பிறகு அந்தச் சமையலறைக்குள் வந்தான். வாணலி எங்கே, வெண்ணெய் எங்கே என்று எதுவும் கேட்கவில்லை. எல்லாம் பழைய இடத்தில்தான் இருந்தன. கண்ணைத் துடைத்துக்கொண்டே வெங்காயம் அரிந்தான். வெங்காயம் அரியும்போது அழுவதில் ஒரு வசதி உண்டு, யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். தட்டோடு கட்டில் ஓரம் உட்கார்ந்தபோது மர்லீன், "விழுங்க முடியாதுங்க, புரையேறிடும்," என்றாள். நகத்தளவு பிய்த்து அப்பாவின் உதட்டில் வைத்தான். அவர் விழுங்கவில்லை, மெல்லவும் இல்லை. நாக்கால் ஒதுக்கி வைத்துக்கொண்டார்.

"வெங்காயத்தைக் கருக்கிட்ட," என்றார்.

"ஆமாப்பா."

"உங்க அம்மாவும் இப்படித்தான்."

டேரில் சிரித்தான். மீதி ஈரலை அக்காவும் தம்பியும் ஒரே தட்டிலிருந்து தின்றார்கள். அவர் பார்த்துக்கொண்டிருந்தார். நாலு மணிக்கு, காட்டில் கடைசி வெளிச்சம் போகிற நேரத்தில், துப்பாக்கிக்காரர்கள் எல்லாரும் எழுந்து வீடு திரும்புகிற நேரத்தில், ரெய்னோவின் மூச்சு நின்றது. கைசா அவர் நெற்றியில் முத்தமிட்டாள். அவர் போனது வலித்தது. ஆனால் எல்லாம் சரியாக முடிந்தது என்று நினைத்தாள். தான்தான் முடித்துவைத்தோம் என்றும் நினைத்தாள்.

மூன்றாம் நாள் காலை இருவரும் சவ அடக்க நிலையத்துக்குப் போனார்கள். கோட்டு சூட்டு வேண்டாம், வேட்டைக்குப் போடும் சிவப்பும் கறுப்பும் கட்டம் போட்ட கம்பளிக் கோட்டையே போட்டு அனுப்பலாம் என்று கைசா சொல்லியிருந்தாள். சாராய நெடியும் சீடர் வாசமும் கலந்து அடித்த அந்தக் கோட்டு கதவோர ஆணியில் ஒரு வருடமாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

"பைல ஏதாவது இருந்தா எடுத்துடுங்க," என்றார் நிலையத்துக்காரர். "அப்புறம் தேடுவாங்க சில பேர்."

டேரில் பைகளைத் துழாவினான். திசைகாட்டி. நமத்துப்போன தீப்பெட்டி. இருமல் மிட்டாய் ஒன்று. உள்பைக்குப் பொத்தான் போட்டிருந்தது. அவிழ்த்துக் கையை விட்டவன் நெற்றியைச் சுருக்கினான். அள்ளி எடுத்து மேஜைமேல் வைத்தான்.

கறுத்து, சுருங்கி, சுள்ளி மாதிரி காய்ந்த சின்னச் சின்னத் துண்டுகள். ஒரு கைப்பிடி இருக்கும். சிலவற்றில் காம்பு இருந்தது. ஒன்று உடைந்து பளபளப்பான பழுப்பு விதை ஒன்று மேஜையில் உருண்டது.

"என்னக்கா இது? எலி கிலி கொண்டுவந்து வெச்சுதா?"

கைசா பார்த்தாள். அவளே கட்டிக் கொடுத்த ஆப்பிள்கள். போன வருட வேட்டைக் காலம் முழுக்கத் தின்றவை. நடுத்தண்டு ஒவ்வொன்றையும் பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறார். எத்தனை வருடமாக இப்படி என்று கேட்க ஆள் இல்லை. காது மடல் வரை அவளுக்குச் சூடு ஏறியது.

"எறியல," என்றாள்.

"எது?"

"மரம் காய்ச்சப்புறம் அவரு எறியலடா."

டேரிலுக்கு ஒரு நிமிடம் பிடித்தது. அன்றைக்குக் கதவுக்கு வெளியே நின்று அவன் எல்லாவற்றையும் கேட்டிருந்தான், அப்பா இல்லையென்று மறுக்காமல் விட்டதையும். நிலையத்துக்காரர் குப்பைக் கூடையைக் காலால் நகர்த்தி அவர்கள் பக்கம் வைத்தார்.

"வேண்டாங்க," என்றான் டேரில்.

துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து உள்பைக்குள் போட்டான். உருண்டுபோன விதையைத் தேடினான். மேஜைக் காலுக்குப் பக்கத்தில் கிடந்தது. கைசா குனிந்து அதை எடுத்து அவன் கையில் கொடுத்தாள். அதையும் போட்டான். பிறகு பையின் பொத்தானை மாட்டி, சரியாக மாட்டியிருக்கிறதா என்று ஒருமுறை இழுத்துப் பார்த்தான்.