கைத்தவறு

தனபாலுக்கு மலையில் எல்லோரும் மரியாதை கொடுப்பார்கள். இந்தக் கதை கொடுக்காது. அன்று காலை அவன் ஜீப்பைச் சுவரில் முட்டாத குறையாக நிறுத்திவிட்டு, துப்பாக்கிப் பையோடு நேரே சங்கீதாவின் பட்டறைக்குள் நுழைந்தான்.

"டிரிகரை எளக்கிக் குடு. ஈ உக்காந்தா வெடிக்கணும்."

சங்கீதா பையைத் திறந்தாள். அந்த இரட்டைக்குழல் துப்பாக்கி அவளுக்குப் புதிதல்ல. திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிப் பட்டறையில் லேத் பழகி, சேலத்தில் லைசென்ஸ் உள்ள துப்பாக்கிக் கடையில் தொழில் கற்றவள் அவள். அந்தக் கடையின் பேரில்தான் போட்டித் துப்பாக்கிகள் வளப்பூர் நாடு என்ற அந்த மலைப்பகுதிக்கு ஏறி வந்தன. தோளுக்குத் தக்கபடி கட்டையைச் செதுக்குவாள், கன்னம் படியும் இடத்தை உயர்த்துவாள், டிரிகரை ஆளின் விரலுக்கு ஏற்றபடி வைத்துத் தருவாள். களிமண் தட்டை வானத்தில் வீசிச் சுடும் போட்டிக்குப் போகிறவர்களுக்கு அவள் கை ராசியான கை.

"தட்டு சுடறதுக்கு அவ்வளவு எளக்கம் ஆகாதுங்க. போன மழைக்கு நீங்கதானே கெட்டியா வெக்கச் சொன்னீங்க, விரல் பதறுதுன்னு?"

"இப்பப் பதறலே. அடுத்த வாரம் பெங்களூர்ல போட்டி. சொன்னதைச் செய்யி."

குழலில் கருமருந்து வாடை பச்சையாக அடித்தது. கேட்டதற்கு, காலையில் காக்கா சுட்டதாகச் சொன்னான். சங்கீதா குழலையும் துடைத்துச் சுத்தம் செய்தாள். டிரிகரைப் பிடித்து நிறுத்தும் பழைய கொக்கியையும் ஸ்பிரிங்கையும் கழற்றித் தகர டப்பாவில் போட்டாள். புதியதைப் பொருத்தி, வெறும் துப்பாக்கியின் அடிக்கட்டையைத் தரையில் லேசாகத் தட்டினாள். விரல் படாமலே கொக்கி டக்கென்று விழுந்தது. வேலை அவளுக்கே பிடித்துப்போயிற்று.

"முரளி வரலீங்களா? பையை எப்பவும் அவந்தானே தூக்கியாருவான்?"

"தோட்டத்துல கெடக்கறான்" என்றான் தனபால். வார்த்தை சுத்தமான உண்மை.

முரளி அவளுடைய கொழுந்தன். கணவன் கார்த்தியின் ஒரே தம்பி. தனபாலின் மிளகுத் தோட்டத்தில் வேலை. விருந்தாளிகள் வந்தால் தட்டு வீசும் மிஷினை இயக்குவதும் அவன்தான். போன ஞாயிற்றுக்கிழமை சேலத்திலிருந்து வந்த கூட்டம், நீயும் சுடேன் தம்பி என்று விளையாட்டாகத் துப்பாக்கியை நீட்டியது. முதலாளி கோட்டைவிட்ட தட்டையெல்லாம் முரளி தூள் தூளாக்கினான். "மாநிலப் போட்டிக்கு இவனை அனுப்புங்க தனபால், நீங்க மிஷினைப் பாத்துக்குங்க" என்று ஒருவர் சொல்ல, எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். முரளியும் சிரித்தான். பாவிப் பையன், அவன் மட்டும் அன்று சிரிக்காமல் இருந்திருக்கலாம்.

உச்சி வெயிலில் பக்கத்து வீட்டு மாதம்மாள் தலைவிரி கோலமாக ஓடிவந்தாள். "ஏ சங்கீதா, மோசம் போயிட்டமே! உங்க முரளியச் சுட்டுப்போட்டாங்களே!"

முரளி மிளகுக் கொடிகளுக்கு நடுவே கிடந்தான். நெஞ்சுக்கூடு பிளந்து, சட்டை எது சதை எது என்று தெரியவில்லை. எறும்பு மொய்த்திருந்தது. கார்த்தி தம்பியின் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, எறும்புகளை ஒவ்வொன்றாக நசுக்கிக்கொண்டிருந்தான். யார் கூப்பிட்டும் நிமிரவில்லை.

தனபால் கதையைத் தயாராக வைத்திருந்தான். விடியக்காலையில் ஜீப்பில் துப்பாக்கியைச் சாத்தி வைத்திருந்தானாம். முரளி இறங்கும்போது அது சாய்ந்து தரையில் மோதி, தானாக வெடித்ததாம். பதறிப்போய் டாக்டரைத் தேடி ஓடினானாம். "போட்டித் துப்பாக்கிங்க, மூச்சு பட்டாலே வெடிக்கும்" என்று அழுதான். வெடிச் சத்தத்தைத் தோட்டத்துப் பெண்கள் விடியலிலேயே கேட்டிருந்ததால் நேரத்தை மட்டும் அவனால் மாற்ற முடியவில்லை.

சங்கீதாவுக்கு அப்போதுதான் புரிந்தது. அவள் காலையில் துடைத்தெடுத்தது முரளியைக் கொன்ற புகையை. விடியலில் அந்த டிரிகர் கல்லாக இருந்தது. அதைப் பூவாக்கிக் கொடுத்தவள் அவள். கொலைகாரனுக்குப் பொய்ச்சாட்சி செய்து கொடுத்திருக்கிறாள், அதுவும் ரசித்து ரசித்து.

பிரேதப் பரிசோதனை முடிந்து உடல் வந்த மறுநாள் ஊர் கூடியது. மலைமேல் சுற்றியுள்ள நாலு ஊர்களில் ஒரு வழக்கம் உண்டு. கைத்தவறாக ஒருவன் செத்துப்போனால், தவறு செய்தவன் தன் தலைத்துணியை அவிழ்த்துச் செத்தவனின் அண்ணன் காலடியில் வைக்க வேண்டும். அண்ணன் அதை எடுத்துத் தன் தலையில் கட்டிக்கொண்டால் பகை முடிந்தது. அப்புறம் அவன் கை ஓங்கக் கூடாது. சொன்னது பொய்யென்று பின்னால் தெரிந்தால், துணியை ஊர்க்கவுண்டர் முன்னால் வைத்துவிட்டு அவன் பாட்டுக்கு அவன் கணக்கைத் தீர்த்துக்கொள்ளலாம்.

தனபால் ராசிபுரத்துக்காரன். ஆனால் மலையில் மிளகோடு இதையும் படித்திருந்தான். புதுத் துண்டு ஒன்றைத் தலையில் சுற்றிக்கொண்டு வந்து, அவிழ்த்துக் கார்த்தியின் காலடியில் வைத்து நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான்.

"கைத்தவறுதானா?" என்று கேட்டார் ஊர்க்கவுண்டர் அர்த்தனாரி.

"சத்தியமாக் கைத்தவறுதானுங்க."

கார்த்தியின் உதடு கிழிந்து ரத்தம் வந்தது, அப்படிக் கடித்திருந்தான். கடைசியில் துண்டை எடுத்துத் தலையில் கட்டிக்கொண்டான்.

கலையும் கூட்டத்தில் தனபால் சங்கீதாவின் பக்கமாக வந்து, வாயசையாமல் பேசினான். "எளக்கினது நீ. வாயத் தொறந்தா நீயும் உள்ள போவே. உம் புருசனுக்குத் தெரிஞ்சா என்னாகும், யோசிச்சுக்க."

அவள் யோசித்தாள். தனக்காகப் பயப்படவில்லை. கார்த்தியைத்தான் நினைத்தாள். அந்தத் துணி தலையில் இருக்கும்வரை அவள் புருஷன் அவளுடையவன். அவிழ்ந்தால் கொலைகாரன். பேசாமல் இருந்தாலோ, முரளியின் நெஞ்சில் மிதித்துக்கொண்டு தனபால் பெங்களூர் போவான், கோப்பை வாங்குவான். கார்த்தி கையில் எடுக்கும்முன் போலீஸ் கையில் போய்விட வேண்டும். அது ஒன்றே வழி என்று, யாரிடமும் சொல்லாமல் தகர டப்பாவோடு ஸ்டேஷனுக்குப் பஸ் ஏறினாள்.

எஸ்.ஐ. ரோஸ்லின் திருநெல்வேலிப் பக்கம்; மலைக்கு மாற்றலாகிச் சில வாரங்கள்தான். நேர்மையானவள், கெட்டிக்காரி. சங்கீதா சொன்னதை முழுதாகக் கேட்டாள். பறிமுதல் செய்த துப்பாக்கியையும் டப்பாவையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"லேபுக்கு அனுப்பினா ரிசல்ட் வர மாசக்கணக்காகும். அதுக்குள்ள ஆளு ஜாமீன்ல போயிருவான். சாட்சிங்க முன்னால நீங்களே மாட்டிக் காட்டுங்க, மகஜர்ல எழுதிக்கறேன்."

"இங்கயே காட்டறனுங்க மேடம். ஊர்ல மட்டும் வேண்டாமுங்க. எங்க ஊட்டுக்காரர் கண்ணுல பட்டா..."

"பாதுகாப்புக்கு நான் இருக்கேன்ல?"

"மேடம், அவரு தலையில துணி..."

"சடங்கெல்லாம் அப்புறம் பேசலாம், சங்கீதா. ஸ்பாட்ல பண்ணினாத்தான் கேஸ் நிக்கும்."

கேஸ் நின்றது, அதில் குறை சொல்ல முடியாது.

மறுநாள் காலை தோட்டத்தில் ஊரே கூடிவிட்டது. ராத்திரியே கைதாகியிருந்த தனபால் விலங்கோடு ஜீப்பின் பக்கத்தில், இரண்டு போலீஸ்காரர்களுக்கு நடுவே நின்றான். முகத்தில் பயமில்லை, வக்கீலிடம் பேசியிருந்தான். ஓரமாகக் கார்த்தி, தலையில் அந்தத் துண்டோடு. ஏன் வரச்சொன்னார்கள் என்றே அவனுக்குத் தெரியாது.

சங்கீதா காலித் தோட்டாவை மாட்டி, அடிக்கட்டையைத் தரையில் தட்டினாள். டக். "இது நான் எளக்கினதுக்கு அப்புறம்" என்றாள். பிறகு கொக்கியையும் ஸ்பிரிங்கையும் கழற்றி, டப்பாவிலிருந்ததைப் பொருத்தினாள். "இது முரளி சாகறப்ப இருந்தது."

தட்டினாள். சத்தமில்லை. ஓங்கிக் குத்தினாள். சத்தமில்லை. ரோஸ்லின் வாங்கி ஜீப்பின் உயரத்திலிருந்து கீழே போட்டாள். கட்டையில் கீறல் விழுந்ததே தவிர கொக்கி அசையவில்லை. கடைசியில் விரலை வைத்து இழுத்தாள். விரல் வெளுக்கும்வரை இழுத்த பிறகுதான் டக்கென்றது.

"யாராவது அழுத்தினாத்தான் வெடிக்கும். எழுதிக்கோங்க" என்றாள் ஏட்டிடம்.

கார்த்தி தலையிலிருந்து துண்டை அவிழ்த்தான். நிதானமாக மடித்து, அர்த்தனாரியின் முன்னால் தரையில் வைத்தான். பெரியவருக்கு மரியாதை செய்கிறான் என்று நினைத்து ரோஸ்லின் காகிதத்தின் பக்கம் திரும்பினாள். ஊர்க்காரர்கள் அப்படி நினைக்கவில்லை. எல்லோரும் பின்வாங்கி வழிவிட்டார்கள்.

"ஏனுங்க, வேண்டாமுங்க! மேடம், அவரைப் புடிங்க!" என்று சங்கீதா அலறினாள்.

மிளகுக் கொடி கழிக்கும் கொடுவாள் ஒரு மரத்தில் கொத்தி நின்றது. கார்த்தி அதைப் பிடுங்கிக்கொண்டு பாய்ந்தான். தனபால் விலங்கு போட்ட இரு கைகளையும் தூக்கி முகத்தை மறைத்தான். முதல் வெட்டில் விரல்கள் சிதறின. அடுத்தது கழுத்தில் இறங்கி எலும்பில் சிக்கிக்கொண்டது. கார்த்தி காலால் அவன் மார்பை மிதித்து வாளைப் பிடுங்கினான், மறுபடி வெட்டினான். போலீஸ்காரர்கள் அவனைத் தரையோடு அமுக்கும்போது, கீழே கிடந்ததை ஆளென்று சொல்ல முடியாது. ஜீப் கண்ணாடியில் ரத்தம் வழிந்தது. சங்கீதாவின் சேலையிலும்.

"சரியாக் காட்டிக் குடுத்தே சாமி" என்றான் கார்த்தி, மண் அப்பிய வாயோடு. அவளைப் பார்த்துச் சிரித்தான். "தம்பி கடனத் தீத்துட்டேன்."

அவள் பாய்ந்து அவன் முகத்தில் அறைந்தாள். மறுபடி மறுபடி அறைந்தாள், போலீஸ்காரர்கள்கூடத் தடுக்கவில்லை. "உங்களுக்காகவா காட்டினேன்? நீங்க ஊட்டுல இருக்கோணும்னுதானே போலீஸ்கிட்டப் போனேன்! எனக்கு நீங்க வேணுமுங்களே!"

தனபாலின் கையிலிருந்த விலங்கைக் கழற்றிக் கழுவிக் கார்த்திக்குப் போட்டார்கள். ஸ்டேஷனிலிருந்து ஒன்றுதான் கொண்டுவந்திருந்தார்கள். கார்த்தியை ஏற்றிய போலீஸ் ஜீப் போன பிறகு ரோஸ்லின் சங்கீதாவின் பக்கத்தில் வந்து நின்றாள். முகம் பேயறைந்தது போலிருந்தது.

"கிட்ட இருந்து பாத்தது நீங்கதான் சங்கீதா. இதுக்கும் உங்க வாக்குமூலம் வேணும்."

சங்கீதா கீழே கிடந்த துப்பாக்கியை எடுத்து ரோஸ்லின் கையில் கொடுத்தாள். "நான் இதை மாட்டிக் காட்டினதுல இருந்து எழுதிக்குங்க" என்றாள்.