சொந்தப் பங்கு

அக்காவின் பள்ளிக்கு நிதி கேட்டு விண்ணப்பம் எழுதியவன் நான். நிதி கிடைத்துவிட்டது. இதைக் கேள்விப்படுகிறவர்கள் எல்லோரும் என் கையைப் பிடித்துக் குலுக்குகிறார்கள். அதனால்தான் நடந்ததை நடந்த வரிசையில் எழுதிவைக்கப் பார்க்கிறேன். மூன்று முறை தொடங்கிக் கிழித்துவிட்டேன். இது நான்காவது.

பள்ளி என்றதும் பெரிதாக எதுவும் நினைத்துக்கொள்ள வேண்டாம். டயர் கடைக்கு மேலே இரண்டு அறைகள். மூன்று வயதிலிருந்து ஆறு வயதுவரை, காது கேட்காத ஒன்பது குழந்தைகள். கீழே சக்கரம் கழற்றும் இயந்திரம் அலறும்போது, பார்க்க வந்த பெரியவர்கள் காதைப் பொத்திக்கொள்வார்கள். குழந்தைகள் அவர்களைப் பார்த்துச் சிரிப்பார்கள். "இந்தச் சத்தத்துல வேற யாருடா பள்ளிக்கூடம் நடத்த முடியும்? எனக்குன்னே கட்டின கட்டடம்" என்பாள் அக்கா.

ஆறு வருடமாக அவள் சம்பளம் எடுக்கவில்லை. பெற்றோர் கொடுக்கும் சின்னத் தொகை வாடகைக்குச் சரியாக இருக்கும். வீடு அத்தானின் சம்பளத்தில் ஓடியது. இந்த வருடத் தொடக்கத்தில் அத்தானுக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்தது. ரயிலில் எட்டு மணி நேரம்.

அத்தான் கோபக்காரர் இல்லை. எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து நிதானமாகத்தான் சொன்னார். "ரெண்டு ஊர்ல ரெண்டு அடுப்பு எரிய ஒரு சம்பளம் காணாது. உனக்குன்னு ஒரு சம்பளம் வந்தா நீ இங்கயே இரு, நான் வாரா வாரம் வந்துட்டுப் போறேன். வரலன்னா சேர்ந்தே போயிடலாம். ஒரு வருஷம் பாப்போம்."

அக்கா சரியென்றாள். நான் மாலை வகுப்பில் சேர்ந்தேன்.

நிதி விண்ணப்பம் எழுதக் கற்றுத்தரும் வகுப்பு. செவ்வாய், வியாழன், ஆறு மணி முதல் எட்டு மணி வரை. பகலில் நான் ஒரு அச்சகத்தில் பிழை திருத்துகிறேன். அடுத்தவர் எழுதியதில் தப்பு கண்டுபிடிப்பதுதான் தொழில். ஆகவே நானே எழுதிவிட முடியும் என்று நம்பினேன். முதல் வாரமே அந்த நம்பிக்கை போயிற்று.

வகுப்பு எடுத்தவரை நாங்கள் பென்சில் சார் என்போம். பேனாவைத் தொடமாட்டார். "குழந்தைகள் பாவம், உதவி செய்யுங்கள்" என்ற பொருளில் நான் எழுதியிருந்த முதல் பக்கத்தை வகுப்புக்கே வாசித்துக் காட்டினார்.

"அழுத பிள்ளைதான் பால் குடிக்கும்னு நெனச்சு எழுதியிருக்கீங்க தம்பி. இங்க எல்லாப் பிள்ளையும்தான் அழுவுது. கையில பாத்திரத்தோட நிக்கிறது யாருன்னுதான் அவங்க பாப்பாங்க."

பக்கத்து நாற்காலியில் தெருநாய்களுக்குக் காப்பகம் நடத்துகிறவர் உட்கார்ந்திருந்தார். "சார், பயனாளிகள் கிட்ட ஒப்புதல் கையெழுத்து வாங்கணும்னு போட்டிருக்கு. நம்ம ஆளுங்க கால் ரேகைதான் வைப்பாங்க. பரவாயில்லையா?"

"கடிக்காம வச்சாச் சரி" என்றார் பென்சில் சார்.

நான் திரும்ப எழுதினேன். ஒன்பது குழந்தைகளும் வந்தபோது என்ன செய்தார்கள், இப்போது என்ன செய்கிறார்கள் என்று அக்காவிடம் கேட்டுக் கேட்டு எழுதினேன். நாங்கள் வால் என்று கூப்பிடும் சிறுமி வந்த புதிதில் தண்ணீர் வேண்டுமென்றால் சுவரில் தலையை முட்டுவாள். இப்போது கையால் கேட்கிறாள், வாயாலும் பாதி சொல்கிறாள். முட்டியது எத்தனை மாதம், கேட்கத் தொடங்கியது எந்த மாதம் எல்லாம் அக்காவுக்கு நினைவிருந்தது. பென்சில் சார் அந்தப் பக்கத்தில் ஒரு கோடுகூடப் போடவில்லை.

என்னைச் சிக்கவைத்தது திட்டச் செலவுப் பக்கம். அதில் இரண்டு பத்திகள். இடது பக்கம், நிதி தரும் அறக்கட்டளையிடம் கேட்பது. வலது பக்கம், நம்முடைய சொந்தப் பங்கு. மொத்தத்தில் கால்பங்காவது வலது பக்கம் இருக்க வேண்டும் என்பது அவர்கள் விதி. பணமாக இல்லாவிட்டால் இடமாக, பொருளாக, உழைப்பாகக் காட்டலாம்.

எங்களிடம் இடம் வாடகை. நாற்காலிகள் யாரோ கொடுத்தவை. வலது பக்கம் ஏறக்குறைய வெற்றாக இருந்தது. இடது பக்கமோ அவர்கள் வைத்த உச்சவரம்பைத் தாண்டி நின்றது. காதுக் கருவிகள், பேச்சுப் பயிற்சிக்கான சாதனங்கள், தலைமை ஆசிரியர் சம்பளம், துணை ஆசிரியர் சம்பளம். எதைக் குறைப்பது என்று நான்கு நாள் யோசித்தேன். கடைசி நாளுக்கு முந்தைய நாள் மதியம், அச்சகத்தில் சாப்பாட்டு நேரத்தில் வழி தெரிந்தது. "தலைமை ஆசிரியர்" என்ற வரியை இடது பக்கத்திலிருந்து வெட்டி வலது பக்கத்தில் ஒட்டினேன். மூன்று வருட முழுநேரப் பணி, ஊதியமின்றி.

ஒரே வெட்டில் இரண்டு பக்கமும் சரியாகிவிட்டது. எனக்கு வந்தது சந்தோஷம் என்பதை மறைக்காமல் எழுத வேண்டும். துணை ஆசிரியர் சம்பளம் இடது பக்கத்திலேயே இருந்தது. பிறகு அதை அக்கா எடுத்துக்கொள்ளலாம், பெயரில் என்ன இருக்கிறது என்று நினைத்தேன்.

அன்று மாலை பென்சில் சார் அந்தப் பக்கத்தைப் பார்த்துத் தலையாட்டினார். "இப்பத்தான் நேரா நிக்குது." பிறகு பென்சில் முனையை அந்த வரியில் வைத்தார். "இந்தத் தலைமை ஆசிரியர் சம்மதிச்சிருக்காங்களா?"

"என் அக்காதான் சார்."

அவர் கேட்டது ஒன்று, நான் சொன்னது ஒன்று. அவரும் அதைப் பதிலாக எடுத்துக்கொண்டார். எங்கள் வீட்டில் ஒருவர் தட்டிலிருந்து ஒருவர் எடுக்கும்போது யாரும் கேட்பதில்லை. அந்தப் பழக்கத்தை நான் படிவத்துக்குள்ளும் கொண்டுபோயிருக்கிறேன் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

மறுநாள் காலை, மடியில் ஒரு குழந்தையை வைத்துக்கொண்டு அக்கா கையெழுத்துப் போட்டாள். "என் சம்பளம் போட்டிருக்கியாடா?"

"எல்லாம் போட்டிருக்கேன். இந்தப் பக்கமும் போடு."

போட்டாள். படிக்கவில்லை. பிழை திருத்துகிறவன் தம்பி, படிப்பானேன்?

இரண்டு மாதம் கழித்து அறக்கட்டளையிலிருந்து ஒரு அம்மையார் நேரில் பார்க்க வந்தார். விண்ணப்பத்தை அச்செடுத்துக் கொண்டுவந்திருந்தார். ஓரமெல்லாம் குறிப்புகள். குழந்தைகளோடு தரையில் உட்கார்ந்தார். வால் அவர் மூக்குக்கண்ணாடியைப் பிடுங்கிப் போட்டுக்கொண்டது. நல்ல மனுஷி. அதையும் எழுதத்தான் வேண்டும்.

கிளம்பும் நேரத்தில் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். "எங்க குழுவுக்கு முப்பது விண்ணப்பம் வந்தது. உங்களுதைத் தேர்ந்தெடுத்தது எதனாலன்னு நினைக்கிறீங்க? சம்பளம் வேண்டாம்னு எழுதியிருந்தீங்களே, அதனாலதான். ஒரு பைசா வாங்காம இன்னும் மூணு வருஷம் பண்றேன்னு யாரும்மா சொல்லுவாங்க?"

அக்கா என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்தாள் என்று முதலில் எழுதியிருந்தேன், அடித்துவிட்டேன். புரியாத எழுத்தைக் கூட்டிப் படிக்கிற குழந்தை மாதிரி என் முகத்தைப் பார்த்தாள். படித்து முடித்ததும் அவரிடம் திரும்பினாள்.

"ஆறு வருஷமா அப்படித்தாங்க ஓடுது" என்றாள்.

நான் இடையில் நுழைந்தேன். "துணை ஆசிரியர் சம்பளம் இருக்கில்லைங்க, அது..."

"அதுக்கு வெளியாள்தான் எடுக்கணும் தம்பி. சொந்தப் பங்கா காட்டினவங்க பேர்ல சம்பளம் போட முடியாது. குடும்பத்து ஆளுங்களும் கூடாது. எங்க விதிமுறைல பதினோராவது பக்கத்துல இருக்கே, பாக்கலையா?"

பதினோராவது பக்கத்தை நான் படித்திருந்தேன். அதில் ஒரு எழுத்துப் பிழைகூட இருந்தது. அது மட்டும் என் கண்ணில் பட்டிருந்தது.

அவரை வழியனுப்பிவிட்டு மாடிப்படியில் நின்றோம். கீழே இயந்திரம் அலறியது. அது நின்றதும் நான் சொன்னேன்.

"நான் போய் உண்மையச் சொல்லிடறேன்க்கா. தப்பா எழுதிட்டேன்னு சொல்றேன்."

"சொன்னா?"

"திருப்பி அனுப்புவாங்க. அடுத்த வருஷம் மறுபடி போடலாம்."

"அடுத்த வருஷம் வாலுக்கு ஏழு வயசுடா. அதுக்கப்புறம் பேச்சு ஏத்துறது கல்லுல நார் உரிக்கிற வேல. இன்னும் ரெண்டு பேருக்குக் கருவியே கிடையாது." கைப்பிடிச் சுவரில் ஒட்டியிருந்த மாவு மாதிரியான சுண்ணாம்பை நகத்தால் சுரண்டினாள். "உங்க அத்தான் சொன்னது ஞாபகம் இருக்குல்ல?"

"இருக்கு."

"அவர்கிட்ட இன்னொரு வருஷம் கேக்க எனக்கு வாய் வராது."

அக்கா ஊரை விட்டுப் போகிறாள் என்று அம்மாவிடம் நான்தான் சொன்னேன். அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். "ஊருக்கு உதவ எழுதக் கத்துக்கப் போனான், வீட்டுக்கு வேட்டு வச்சிட்டு வந்தான்" என்றாள். பிறகு மடித்ததைப் பிரித்துப் பிரித்து மறுபடியும் மடித்தாள்.

அறக்கட்டளைக்கு அக்காவே கடிதம் எழுத உட்கார்ந்தாள். பொய்யாக மூன்று வருடம் என்று சொல்லிவிட்டுக் கிளம்ப அவளால் முடியாது. நான் ஒரு வரைவு எழுதிக் கொடுத்தேன். தவறு முழுவதும் என்னுடையது, என் அக்காவைக் கேட்காமல் செய்தது என்று தொடங்கியது.

"இது எதுக்கு?" என்றாள்.

"உண்மைதானே."

"அவங்க படிவத்துல இதுக்குக் கட்டம் இருக்கா? இதப் படிச்சா கேள்வி வரும். கேள்வி வந்தா நிறுத்தி வைப்பாங்க. அடி."

அடித்தேன். குடும்பக் காரணத்தால் ஊர் மாறுவதாகவும், சொந்தப் பங்காகக் காட்டிய பணியைத் தம்பி ஏற்றுக்கொள்வதாகவும் எழுதச் சொன்னாள். குழந்தைகளைக் கூட்டிவருவது, கருவிகளைப் பராமரிப்பது, அறிக்கைகள் எழுதுவது, தினம் காலை முழுக்க. துணை ஆசிரியராக வருகிறவர் பாடம் எடுப்பார். பத்து நாளில் பதில் வந்தது. ஒப்புக்கொண்டார்கள். அக்காவின் சேவைக்கு ஒரு வரி நன்றியும் இருந்தது. நான் அச்சகத்தில் பிற்பகல் முறைக்கு மாறினேன்.

புது ஆசிரியை முறையாகப் படித்தவர், பொறுமைசாலி. அக்காதான் நேர்முகம் நடத்தித் தேர்ந்தெடுத்தாள். கடைசி மாதம் முழுக்கப் பின்வரிசையில் உட்கார்ந்து அவர் பாடம் எடுப்பதைப் பார்த்தாள். குழந்தைகள் அவளிடம் ஓடிவந்தால் தோளைத் திருப்பி முன்னால் அனுப்பிவைப்பாள். எனக்கு அது கல்மனசாகத் தெரிந்தது. "இப்பவே பழக்கணும்டா" என்றாள்.

கிளம்பிய அன்று வகுப்பு முடியும்வரை இருக்கவில்லை. குழந்தைகள் ஓவியம் வரைந்துகொண்டிருந்த நேரம் பார்த்துச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கினாள். சத்தம் கேட்கப் போவதில்லை என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். இருந்தும் அப்படித்தான் இறங்கினாள். அத்தான் கீழே பெட்டிகளோடு நின்றார். என் முதுகில் ஒருமுறை தட்டினார். அவர் இரண்டு வார்த்தை திட்டியிருக்கலாம்.

அதற்குப் பிறகு மாலை வகுப்புக்கு ஒரே ஒருமுறை போனேன். நிதி கிடைத்த முதல் ஆள் நான்தான் என்று எல்லோரும் கைதட்டினார்கள். "எங்களுக்கும் ஒரு அக்கா இருந்தா கொடுங்களேன்" என்றார் நாய்க்காரர். விளையாட்டாகத்தான் சொன்னார். எழுந்து குழாயடிக்குப் போய் முகம் கழுவிக்கொண்டேன்.

நேற்றுச் சாயங்காலம் அக்கா தொலைபேசியில் முகம் காட்டிப் பேசினாள். போய் ஒரு வாரம் ஆகிறது. பின்னால் இன்னும் பிரிக்காத அட்டைப்பெட்டிகள். புதுக் கருவிகள் வந்தனவா, காதில் வைத்ததும் யார் யார் அழுதார்கள், வால் பிடுங்கி எறிந்ததா என்று கேட்டாள். எல்லாம் சொன்னேன். வால் எறிந்தது, பிறகு தானே போய் எடுத்து வந்தது என்றதும் சிரித்தாள்.

அப்புறம் கேட்டாள். "தேடுறாங்களாடா?"

எனக்கு அந்த விவரம் நாள்வாரியாகத் தெரியும். திங்கட்கிழமை ஐந்து பேர் மாடிப்படிக் கதவுக்குப் போய் நின்றார்கள். செவ்வாய் மூன்று பேர். புதனும் வியாழனும் வால் மட்டும், அதுவும் கொஞ்ச நேரம்தான். பொய் சொல்லலாமா என்று யோசித்தேன். எந்தப் பக்கம் பொய் சொன்னால் அவளுக்குக் குறைவாக வலிக்கும் என்று தெரியவில்லை. தெரியாததால் இருந்ததை வரிசையாகச் சொல்லிக்கொண்டு போனேன்.

"இன்னைக்கு?"

"இன்னைக்கு யாரும் போகலக்கா."

"நல்லது" என்றாள். "நல்லதுடா. அப்படித்தான் இருக்கணும்."

அவள் முகம் போய்த் திரையில் வெறும் சுவர் தெரிந்தது. தொலைபேசியை எங்கோ சாய்த்து வைத்துவிட்டாள் போலிருக்கிறது. குழாயைத் திறந்துவிட்ட சத்தம் கேட்டது, வெகுநேரம் மூடவில்லை. "அக்கா" என்றேன். தண்ணீர்ச் சத்தத்தில் அவளுக்குக் கேட்டிருக்காது. நானும் துண்டிக்கவில்லை. அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.