சோதனையில் நிற்கும் லொறி

கொட்டாஞ்சேனையில் ஒரு கொள்கலன் முற்றத்தின் வாசல் தடைக்கு சி மொழியில் புரோகிராம் எழுதினேன். தரவையும் செயலையும் ஒன்றாகக் கட்டிவைக்கும் ஒப்ஜெக்ட் சி-யில் கிடையாது. அதனால் மூடியது, சோதனை, திறந்தது என்று ஒவ்வொரு நிலைக்கும் தனித்தனிப் பங்ஷன்கள் எழுதி, நடப்பு நிலையை ஒரு பொயின்டரால் காட்டினேன். பொயின்டரை மாற்றினால் அதே பட்டன் வேறு வேலை செய்யும்.

மத்தியானம் முதலாளி பார்க்க வருகிறார். புரோகிராமில் பிழை வந்தால் வேலை போய்விடும். யுத்த காலம்; வேலை இல்லாத யாழ்ப்பாணத்தான் கொழும்பில் ஏன் நிற்கிறான் என்று என் அறை இருக்கும் வெள்ளவத்தையில் பொலிஸ் கேட்டால் சொல்ல என்னிடம் வேறு பதில் இல்லை.

என் மேலாளர் றேமண்ட், சோதனை நிலையில் ‘ரத்து’ பட்டனை அழுத்தினார். புரோகிராம் செத்துவிழுந்தது.

“லொறி திரும்பிப் போறதுக்கு ஒரு பங்ஷனும் இல்லையே, தம்பி?”

“செக்பொயின்டுக்கு வந்த வாகனம் எப்ப அண்ணை திரும்பிப் போனது? திருப்பினா ஆமிக்காரர் சுடுவாங்கள்.”

“அது உங்கட பக்கம். இங்க டிரைவர் பேப்பரை மறந்திட்டு வந்தா திரும்பிப் போவான்.”

அந்தப் பங்ஷனை எழுதினேன். பொயின்டர் ‘மூடியது’ நிலைக்குத் திரும்பியது. கூடவே, காவலருக்கு அபாய மணி அடிக்கவும் ஒரு வரி சேர்த்தேன்.

றேமண்ட் சிரித்தார். “உன்னை ஆமியில சேர்த்தது ஆரடா? அழி அதை.”

அழித்தேன்.

முதலாளி வந்ததும் முதலில் ரத்துப் பட்டனைத்தான் அழுத்தினார். திரையில் லொறி பின்னால் போனது. மணி அடிக்கவில்லை.

“ஹொந்தாய்,” நல்லது என்று சிங்களத்தில் சொன்னார் அவர்.

வேலை தப்பியது. ஆனால் அந்த லொறி ஏன் திரும்பிப் போனது என்று யாருமே கேட்கவில்லை. ஒவ்வொரு செக்பொயின்டிலும் பதில் சொல்லியே வளர்ந்த எனக்கு அதுதான் பொறுக்கவில்லை.