தலை வெட்டாத பூக்கள்

பதினோரு வருஷமாக அந்தக் கல்யாண மண்டபத்தில் பூ அலங்காரம் செய்பவளுக்கு வெடி என்று பட்டப்பேர். வைத்தது யாரோ, பொருத்தமாகத்தான் வைத்திருக்கிறார்கள். மனசில் பட்டதைப் படாரென்று போட்டு உடைக்கிறவள் ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் இத்தனை வருஷம் வாயை மூடிக்கொண்டு இருந்தாள் என்றால் நம்புவீர்களா?

கல்யாணம் முடிந்து கூட்டம் கலைந்ததும், ஒவ்வொரு பூவின் கழுத்தையும் கத்தரிக்கோலால் நறுக்கிவிட்டுத்தான் குப்பைத் தொட்டியில் போட வேண்டும். மேனேஜர் உத்தரவு. முழுசாகப் போட்டால் யாராவது பொறுக்கிக்கொண்டு போய்விடுவார்களாம். "பழைய பூ வெளிய நடமாடினா புதுப் பூவை எவன் வாங்குவான்?" என்று அந்த மனுஷன் கூசாமல் கேட்பார். பூக்கடைக்காரர் அவருக்கு மச்சான். அவ்வளவுதான் சங்கதி. காலையில் விரிந்த லில்லி மதியம் தலையில்லாமல் கிடக்கும். அநியாயம் இல்லையா? வெடி வயிறெரிந்துகொண்டேதான் வெட்டுவாள், ஆனால் வெட்டுவாள்.

அந்தச் சனிக்கிழமை, வெட்டப் போவதில்லை என்று முடிவு செய்துகொண்டே வேலைக்கு வந்தாள். காரணம் கீழ்த்தளத்தில் இருந்தது. சாயங்காலம் ஐந்து மணிக்கு அங்கே சின்ன ஹாலில் அவளுடைய அக்கா மகளுக்குக் கல்யாணம். பூவுக்குக் கேட்ட விலையில் ஆறு மாத வீட்டு வாடகை கட்டிவிடலாம் என்று தெரிந்ததும் அந்தப் பெண், "பூவே வேணாம் சித்தி, மனுஷங்க வந்தா போதும்" என்று சிரித்தது. சிரித்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டதை வெடி பார்த்துவிட்டாள். தூக்கி வளர்த்த பிள்ளை. மனசு கேட்குமா?

மேல்மாடியில் காலைக் கல்யாணம், பெரிய இடம். ஒரு வாரம் முன்பே அந்த மணப்பெண்ணின் அம்மாவிடம் போய், கல்யாணம் முடிந்ததும் பூவை எடுத்துக்கொள்ளலாமா என்று நேருக்கு நேர் கேட்டுவிட்டாள். "தாராளமா எடுத்துக்கோம்மா, நான் அதை வெச்சு என்ன பண்ணப் போறேன்?" என்றார் அவர். வழக்கமாகத் தண்டை விரல் நீளத்துக்கு நறுக்கித் தண்ணீரில் ஊறிய பச்சை ஸ்பாஞ்சில் குத்துவார்கள். பிடுங்கினால் வேறு இடத்தில் நிறுத்த முடியாது. இந்தத் தடவை வெடி தண்டை முழ நீளம் விட்டாள். வீடு வீடாகக் கேட்டு வாங்கிய காலி ஜாம் பாட்டில்களில் தண்ணீர் ஊற்றி லில்லியையும் சாமந்தியையும் நிறுத்தி, பாட்டில் தெரியாமல் துணி சுற்றினாள். பார்க்கிறவர்களுக்கு வித்தியாசமே தெரியவில்லை.

மதியம் மேல்மாடிக் கூட்டம் கலைந்ததும் கீழே போய் அக்காவிடம் சொன்னாள். அக்கா எகிறிவிட்டாள்.

"ஊரான் கல்யாணத்துல வெச்ச பூவா? என் பொண்ணுக்கா? மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிஞ்சா மூஞ்சியை எங்க கொண்டு போய் வெச்சுக்கிறது?"

"ஏன்க்கா, இந்த நாற்காலில இதுக்கு முன்னாடி யாரும் உட்காரலையா? தட்டுல யாரும் சாப்பிடலையா? மாப்பிள்ளை போடப் போற கோட்டே வாடகைக் கோட்டு! பூ மட்டும் என்ன பாவம் பண்ணிச்சு?"

"உன் வாயோட என்னால மல்லுக்கட்ட முடியாது. வேணாம்னா வேணாம். உன் வேலைக்கும் உலை வெச்சுக்காத, போ."

போனாள், மேல்மாடிக்கு. அங்கே மேனேஜர் ஒரு பாட்டிலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். கம்பளத்தில் தண்ணீர் ஒழுகிக் காட்டிக் கொடுத்துவிட்டது.

"என்ன கூத்து இது? கீழ உங்க வீட்டுக் கல்யாணம்னு எனக்குத் தெரியாதா? எடு கத்தரிக்கோலை. வெட்டு."

"மாட்டேன் சார்."

"என்னது?"

"மாட்டேன்னு சொன்னேன். காசு குடுத்தவங்களே எடுத்துக்கோன்னுட்டாங்க. பதினோரு வருஷம் உங்க பேச்சைக் கேட்டு வெட்டினேன், போதும். அவ்வளவு ஆசைன்னா நீங்களே வெட்டுங்க." கத்தரிக்கோலை அவர் கையில் திணித்தாள்.

"திங்கக்கிழமை நீ வேலைக்கு வர வேணாம்."

"சரி."

பயமே இல்லை என்று சொன்னால் பொய். ஆனாலும் நகரவில்லை. மேனேஜர் பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு ஒரு வெள்ளை லில்லியைப் பிடித்து நறுக்கினார். தலை கம்பளத்தில் விழுந்தது. இரண்டாவதைப் பிடித்தார்.

"யோவ்! என்னய்யா பண்றே?"

வாசலில் அக்கா. தங்கச்சி வேலையைத் தொலைத்துவிடப் போகிறாளே என்று இழுத்துப் போக வந்தவள், கீழே கிடந்த லில்லியைப் பார்த்தாள். பார்த்ததும் என்ன ஆனதோ, முகமே மாறிவிட்டது.

"கையை எடுய்யா! அது என் பொண்ணோட பூ!"

அக்கா அவர் முன்னாலிருந்த பாட்டிலை வெடுக்கென்று எடுத்தாள். இன்னும் இரண்டை அள்ளி இடுப்பில் வைத்தாள். கல்யாணத்துக்கென்று எடுத்த புதுப் புடவை தொப்பலாக நனைந்தது. "பார்த்துட்டே நிக்கிறியே, தூக்குடி!" என்று தங்கச்சியை அதட்டினாள். இரண்டு பேரும் பதினெட்டு தடவை படி ஏறி இறங்கினார்கள். வெட்டுப்பட்ட லில்லியையும் விடவில்லை. கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி மணமக்கள் முன்னால் மிதக்க விட்டார்கள்.

ஐந்து மணிக்கு உள்ளே வந்த கல்யாணப் பெண் வாசலிலேயே நின்றுவிட்டாள். "சித்தி…" என்றாள்.

எல்லாம் நல்லபடியாக முடிந்தபோது, மாப்பிள்ளையின் அம்மா பூவைத் தொட்டுப் பார்த்து, "பிரமாதமா இருக்கே சம்பந்தி, எந்தக் கடை?" என்றார்.

வாசலில் மேனேஜர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அக்கா ஏதாவது ஒரு கடைப் பேரைச் சொல்லிவிடுவாள் என்றுதான் வெடி நினைத்தாள்.

"கடையெல்லாம் இல்லைங்க. காலைல மேல்மாடிக் கல்யாணத்துல இருந்த பூ. என் தங்கச்சி வேலை போனா போகுதுன்னு கொண்டு வந்தா." அக்கா ஹால் முழுக்கக் கேட்கிற மாதிரி குரலை உயர்த்தினாள். "உங்க யார் வீட்லயாவது நாளைக்கு, நாளன்னிக்குக் கல்யாணம் இருந்தா சொல்லுங்க. சாமந்தி இன்னும் மூணு நாள் தாங்கும். எவனும் கழுத்தை வெட்டாம இருந்தா!"

சம்பந்தி அம்மா குனிந்து பூவை மோந்து பார்த்தார்.

பின் வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். "எங்க தம்பிக்கு நாளைக்குக் காலைல கல்யாணம். பாட்டிலோட தருவீங்களா?"

வெடி மேனேஜரை நேராகப் பார்த்தபடியே பதில் சொன்னாள்.

"எடுத்துட்டுப் போங்க. பாட்டில் மட்டும் திரும்பி வரணும். திங்கக்கிழமைலேர்ந்து எனக்கு அதுதான் வேலை."