பொடி போட்ட தண்ணீர்

அவளுக்கு எக்ஸ்பிரஸ் என்று பெயர் வைத்தவர் டிரைவர் ஐயாதான். அவள் வேலை பார்த்த முதியோர் பராமரிப்பு இல்லத்தில் உதவியாளர்கள் யாரும் நடப்பதில்லை. ஒரு வரிசைக் கட்டில் முழுவதையும் ஒருத்தி தலையில் கட்டினால் யார்தான் நடப்பார்கள்? முகம் துடைக்க, உடுப்பு மாற்ற, புரட்டிப் படுக்க வைக்க, ஊட்ட, மறுபடி முதல் கட்டிலிலிருந்து தொடங்க என்று ஒரே ஓட்டம்தான். அதிலும் அவள் வாசலில் தலையைக் காட்டிவிட்டு மறையும் வேகத்தைப் பார்த்து, "இது நம்ம ஸ்டாப்புல நிக்காத வண்டி" என்றார் அவர். கட்டிலுக்குக் கட்டில் நின்று கதை பேசும் இன்னொருத்திக்கு டவுன் பஸ் என்று பெயர். இரண்டும் ஒட்டிக்கொண்டன. தலைமை நர்ஸே ஒருநாள் வாய் தவறி, எக்ஸ்பிரஸ் எங்கே என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

டிரைவர் ஐயா ஆயுள் முழுக்கப் பஸ் ஓட்டிய மனிதர். மனைவி இல்லை, ஒரே மகள், வாரக் கடைசியில் வந்து போவாள். பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்தபோது கூடவே விழுங்குவதும் தடம் மாறிப்போனது. குடிக்கிற தண்ணீர் வயிற்றுக்குப் போகாமல் நுரையீரலுக்குப் போய்க் காய்ச்சலாகி, ஆஸ்பத்திரியில் கிடந்து எழுந்து வந்தார். அதற்குப் பிறகு டாக்டர் போட்ட உத்தரவுதான் பொடி. இனிமேல் பச்சைத் தண்ணீர் ஒரு சொட்டு கூடக் கூடாது.

அந்தப் பொடியைப் போட்டுக் கலக்கினால் கொஞ்ச நேரத்தில் தண்ணீர் கூழாகிவிடும். வழியாது, சிந்தாது, கரண்டியால் அள்ளித்தான் ஊட்ட வேண்டும். கெட்டியாக இருந்தால் புரையேறாமல் வயிற்றுக்கே இறங்குமாம். டப்பாவின் மேல் ஒரு கிழவர் படம், பல் வரிசை முழுக்கத் தெரியச் சிரிப்பார். அந்தச் சிரிப்பைப் பார்த்தாலே எக்ஸ்பிரஸுக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒருமுறை யாரும் பார்க்காத நேரம் ஒரு கரண்டி வாயில் போட்டுப் பார்த்தாள். தொண்டையில் இறங்கியது, தாகம் அப்படியே இருந்தது. டிரைவர் ஐயா முதல் நாளே கேட்டுவிட்டார், "போஸ்டர் ஒட்டவா கலக்குற?" என்று.

வேடிக்கையெல்லாம் கொஞ்ச நாள்தான். அப்புறம் அவர் தண்ணீர் கேட்க ஆரம்பித்தார். காலையில் கேட்டார், துடைக்கும்போது கேட்டார், சட்டைப் பொத்தான் போடும்போது அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கேட்டார். ஒரு கை போனாலும் இன்னொரு கை ஸ்டீயரிங் பிடித்த கை, லேசில் விடாது. நுரையீரல், காய்ச்சல், டாக்டர் சொன்னது எல்லாவற்றையும் அவள் பொறுமையாகச் சொல்லுவாள். தலையை ஆட்டிக் கேட்பார். அவள் வாளியை எடுத்துக்கொண்டு திரும்புவதற்குள் எல்லாம் மறந்து மறுபடி, "கொஞ்சம் பச்சைத் தண்ணி குடும்மா" என்பார். தாகத்துக்குத் தண்ணீர் கேட்கிற வாயைப் பார்த்து இல்லை என்று சொல்வது என்ன பிழைப்பு என்று நினைத்துக்கொள்வாள். வீட்டில் சொம்பைத் தூக்கினால் அவர் முகம்தான் முன்னால் வந்து நிற்கும். தலைமை நர்ஸிடம் எத்தனையோ முறை கேட்டுப் பார்த்தாள். "எனக்கு மட்டும் மனசு இல்லையா? புரையேறிச்சுன்னா யார் பதில் சொல்றது?" என்பார் அவர். 

ஒருநாள் பக்கத்துக் கட்டிலில் ஒருவர் வாந்தி எடுத்துவிட்டார். இங்கே இவர் அவள் கையை விடவில்லை. அந்த அவசரத்தில் வாய்க்கு வந்ததைச் சொன்னாள்.

"ஐயா, நான் தண்ணி குடுத்தா என் வேலை போயிரும்."

பிடி சட்டென்று தளர்ந்தது. அவர் அவளை நன்றாகப் பார்த்தார். பிறகு, அவ்வளவு நாளாக யாரிடமும் சொல்லாத ஒரு கதையைச் சொன்னார். மகள் பிறந்த அன்று அவர் வண்டியில் இருந்தாராம். மனைவிக்கு வலி எடுத்துவிட்டது என்று செய்தி வர, கண்டக்டர் டிப்போவுக்குப் பேசி, ஆஸ்பத்திரி வழியாக வண்டியை விடலாமா என்று கேட்டிருக்கிறார். தாராளமாகப் போங்கள் என்றாராம் அதிகாரி. மறுநாள் பயணி ஒருவர் புகார் கொடுத்ததும் அதே அதிகாரி, நான் அப்படிச் சொல்லவே இல்லை என்று கையை விரித்துவிட்டார். கண்டக்டர் பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டார். அவர் வேலை போயிற்று.

"என்னால ஒருத்தன் குடும்பம் நடுத்தெருவுக்கு வந்துச்சு" என்றார் டிரைவர் ஐயா. "இன்னொண்ணு வேணாம். நீ போம்மா."

அதற்குப் பிறகு அவர் அவளிடம் தண்ணீர் கேட்கவே இல்லை. காலையில் என்ன ஊட்டினார்கள் என்பது நினைவில் தங்காத தலையில் இது மட்டும் எப்படித்தான் ஆணி அடித்த மாதிரி தங்கியதோ. எக்ஸ்பிரஸுக்கு அப்பாடா என்றிருந்தது. பொய் சொல்வானேன், கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. இந்த வேலையில் ஒரு யுக்தி பலித்தால் அதை யாரும் மறைத்து வைத்துக்கொள்வதில்லை. குளிக்க அடம் பிடிக்கிற அம்மாவுக்கு எந்தப் பாட்டு, மாத்திரையைத் துப்புகிறவருக்கு எந்தப் பழம் என்று உடுப்பு மாற்றும் அறையில் கைமாறிக்கொண்டே இருக்கும். அப்படித்தான் இதுவும் கைமாறியது. டவுன் பஸ் சொன்னாள், என் வேலை போயிரும் ஐயா. துடைக்க வருகிறவர் சொன்னார், சாப்பாட்டு வண்டி தள்ளுகிறவர் சொன்னார். மகள் வந்து ஊட்டும்போதுகூட, "நீங்க அடம் பிடிச்சா பாவம் அந்தப் பொண்ணு வேலைதான் போகும்" என்றாள். கடைசியில் அவர் யாரிடமும் கேட்பதில்லை. மேசைமேல் யாராவது கிளாஸ் வைத்தால் அதைப் பார்த்துக்கொண்டிருப்பார். பார்த்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார்.

இத்தனைக்கும் நோய் தன் வேலையை நிறுத்தவில்லை. எச்சிலே நுரையீரலுக்குள் போகிறது, எந்தப் பொடி அதைத் தடுக்கும்? காய்ச்சல் திரும்ப வந்தது. இந்த முறை டாக்டர் மகளை அழைத்து உட்கார வைத்துப் பேசினார். இனி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவதில் அர்த்தமில்லை, இருக்கிற நாள் வரை நிம்மதியாக இருக்கட்டும், கேட்டதைக் கொடுங்கள் என்றார். மகள் அழுதுகொண்டே சம்மதித்தாள். எக்ஸ்பிரஸ் காலையில் வேலைக்கு வந்து கைகூடக் கழுவவில்லை, தலைமை நர்ஸ் கூப்பிட்டு, "போய்த் தண்ணி குடு. பொடி வேணாம்" என்றார்.

அவள் அன்று நிஜமாகவே ஓடினாள். குளிர்ந்த தண்ணீராகப் பிடித்து, கிளாஸின் வெளிப்புறத்தைத் துடைத்து, கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தி அவர் உதட்டருகே கொண்டுபோனாள். உதடு காய்ந்து வெடித்திருந்தது. அவர் கிளாஸைப் பார்த்தார். அதன் வழியாகச் சன்னல் தெளிவாகத் தெரிந்தது.

"பொடி போடலையா?"

"போடலை ஐயா. பச்சைத் தண்ணிதான். குடிங்க."

அவர் வாயை மூடிக்கொண்டார். கண் வாசல் பக்கம் போய் வந்தது. மெதுவாக, ரகசியம் பேசுகிற குரலில், "எடுத்துட்டுப் போ. யாராச்சும் பார்த்துருவாங்க" என்றார்.

டாக்டரே சொல்லிவிட்டார் என்று அவள் சொன்னாள். எல்லாரும் அப்படித்தான் சொல்லுவார்கள், அப்புறம் கேட்டால் நான் சொல்லவே இல்லை என்பார்கள் என்றார். அவள் போய்த் தலைமை நர்ஸையே அழைத்து வந்தாள். அதுதான் பெரிய தப்பாகிவிட்டது. மேலதிகாரியைப் பார்த்ததும் அந்தக் கிழவர் படுத்தபடியே விறைத்துக்கொண்டார். நான் தண்ணீர் கேட்கவே இல்லை, இந்தப் பெண் ஒன்றும் கொடுக்கவும் இல்லை, வேண்டுமானால் என் சட்டையைத் தொட்டுப் பாருங்கள், நனைந்திருக்கிறதா என்று சாட்சி சொன்னார். தலைமை நர்ஸ் எத்தனையோ சாவுகளைப் பார்த்தவர். அவரே மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

மதியம் மகள் வந்தாள். கெஞ்சினாள், கோபப்பட்டாள், "அப்பா, நான் உங்க பொண்ணு, நான் சொல்றேன் குடிங்க" என்றாள். நீ பிறந்த அன்றைக்கு நடந்தது உனக்கு என்ன தெரியும் என்றார் அவர். அவ்வளவுதான். நெற்றி கொதித்தது, நாக்கு மரக்கட்டை மாதிரி காய்ந்து கிடந்தது, வாய் மட்டும் திறக்கவில்லை.

எக்ஸ்பிரஸுக்குக் கடைசியாக ஒரு யுக்தி தோன்றியது. அவர் பார்க்கும்படி டப்பாவைத் திறந்தாள். வெறும் கரண்டியை உள்ளே விட்டு எடுத்து, கிளாஸில் போட்டுச் சுற்றிச் சுற்றிக் கலக்கினாள். "பொடி போட்டாச்சு ஐயா" என்று ஒரு கரண்டி தண்ணீரை வாயில் விட்டாள். அவர் வாங்கிக்கொண்டார். ஒரு நொடி அவர் கண் மூடியது. முகத்தில் இருந்த சுருக்கமெல்லாம் தளர்ந்த மாதிரி இருந்தது. விழுங்கிவிடுங்கள், விழுங்கிவிடுங்கள் என்று அவள் மனசுக்குள் கும்பிட்டாள். அவர் கண்ணைத் திறந்தார். உதட்டைக் கொஞ்சமாகப் பிரித்து, அந்தத் தண்ணீரை அப்படியே தாடை வழியாக வெளியே விட்டுவிட்டார். அது கழுத்தில் இறங்கித் தலையணையை நனைத்தது.

"இதுல பொடி இல்லை" என்றார். "எனக்காக நீ மாட்டிக்காதம்மா."

மகள் சுவரில் சாய்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டாள். என் வேலை போகாது, போகவே போகாது என்று கத்த வேண்டும் போல எக்ஸ்பிரஸுக்கு இருந்தது. கத்தினாலும் பயனில்லை. அவர் நம்பிய ஒரே வார்த்தை அவள் சொன்ன அந்த ஒரு வார்த்தைதான். அதைத் திருப்பி வாங்க யாராலும் முடியவில்லை, அவளாலும் முடியவில்லை.

அவருக்கு மூச்சு இரைத்தது. நாக்கால் உதட்டைத் தடவிப் பார்த்தார், நாக்கிலும் ஈரமில்லை. அவள் டப்பாவை மறுபடி எடுத்தாள். சிரிக்கிற கிழவரை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு, இந்த முறை நிஜமாகவே பொடியைப் போட்டுக் கலக்கினாள். தண்ணீர் கலங்கி, கெட்டியாகி, கரண்டி நகர மறுக்கும் வரை அவர் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தானாகவே வாயைத் திறந்தார்.

ஒரு கரண்டி இறங்கியது. அவர் முகத்தைச் சுளிக்கவில்லை. போஸ்டர் என்று ஒன்றும் சொல்லவில்லை. அவள் கண் கலங்கியிருந்ததைப் பார்த்துவிட்டு, அவளைச் சமாதானப்படுத்துகிற மாதிரி, "நல்லாத்தாம்மா இருக்கு" என்றார்.

அவள் அடுத்த கரண்டியை அள்ளினாள்.