சத்தம் போடாத நேசரி

1.

இந்தக் கதையை யாரும் கேட்கவில்லை. என்னிடம் கேட்டது ஒரு பக்க நினைவுக் குறிப்பு மட்டும்.

எங்கள் பிரதேசத்து முன்பள்ளிகளும் ஆரம்பப் பாடசாலைகளும் சேர்ந்து ஆண்டு முடிவில் ஒரு மலர் வெளியிடுகின்றன. பிள்ளைகள் கீறிய படங்கள், அதிபர்களின் ஆசிச் செய்திகள், விளையாட்டுப் போட்டியில் சாக்கோட்டம் ஓடும் குழந்தைகள். இந்த ஆண்டு அதில் ஒரு பக்கம் நிலானிக்கு. ஆரையம்பதியில் ஒன்பது ஆண்டுகள் முன்பள்ளி ஆசிரியையாக இருந்தாள். ஆகஸ்ட் விடுமுறையில் இறந்துபோனாள். அவளுடைய கணவன் எழுதினால் பொருத்தமாக இருக்கும் என்றார்கள். படித்த பிள்ளைதானே என்றார்கள்.

கணவன் நான்கு முறை எழுதினான். நான்கும் ‘அன்பும் பண்பும் நிறைந்த’ என்று தொடங்கின. ஐந்தாம் முறை உட்கார்ந்தபோது இது வந்தது. மலருக்கு இதை அனுப்ப மாட்டேன்.

[முதலில் ‘நான்’ என்றுதான் எழுதினேன். மூன்றாவது வரிக்குமேல் நகரவில்லை. ஆகவே அவனுக்குச் சுஜீவன் என்று பெயர். வயது முப்பத்தொன்று. கச்சேரியில், அதாவது மாவட்ட அரசாங்க அலுவலகத்தில், வேலை, இப்போது லீவு. நான் அவனுக்கு இரண்டடி பின்னால் வருவேன். தேவைப்பட்டால் இப்படி அடைப்புக்குறிக்குள் பேசுவேன்.]

2.

தொடக்கங்கள்:

‘வாவியில் காலைக் காற்று மெல்ல—’

வெட்டிவிட்டேன். வாவி அன்றும் இருந்த இடத்தில்தான் இருந்தது.

‘நிலானியின் தலைக்குள் ஓர் இரத்தக்குழாய் வெடித்தபோது சுஜீவன் அடுத்த அறையில் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு—’

அரை நாளில் எல்லாம் முடிந்தது. இது உண்மை. ஆனால் நான் சொல்ல வந்தது அதற்கு ஏழு கிழமைக்குப் பின், ஒக்டோபரில் நடந்தது.

‘செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு யாரோ படலையைத் தட்டினார்கள்.’

இது இருக்கட்டும்.

3.

தட்டியது யாரென்று சொல்லுமுன் ஒரு பலகையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நிலானி செய்த பலகை அது. நேசரி என்று நாங்கள் சொல்லும் முன்பள்ளியின் வாசலில் தொங்குகிறது. ஒரு பாதியில் பள்ளிக்கூடத்தின் படம், மறுபாதியில் ஒரு வீட்டின் படம். ஒவ்வொரு பிள்ளைக்கும் முகப்படம் ஒட்டிய ஓர் அட்டை. காலையில் வந்த பிள்ளை தன் அட்டையை வீட்டிலிருந்து எடுத்துப் பள்ளியில் மாட்டும். வராத பிள்ளையின் அட்டை வீட்டுப் பக்கத்திலேயே கிடக்கும். நாளுக்கொரு பிள்ளை தலைவர். யார் வரவில்லை, ஏன் வரவில்லை என்று தலைவர்தான் விசாரித்து எல்லோருக்கும் சொல்ல வேண்டும். காய்ச்சல், கல்யாண வீடு, மழை. டீச்சர்மாருக்கும் அட்டை உண்டு.

செப்டெம்பரில் பள்ளி திறந்தது. நிலானியின் அட்டை வீட்டுப் பக்கத்தில் இருந்தது. சின்னஞ்சிறுசுகளுக்கு ஒன்றும் சொல்ல வேண்டாம் என்றது பெற்றோர் சங்கம். ஒரு மாதமாக, நாளுக்கொரு தலைவர் எழுந்து நின்று, “நிலானி டீச்சர் வீட்ட” என்று அறிவித்தார்.

அதைத் தினமும் கேட்டுக்கொண்டு நின்றவர் இமெல்டா டீச்சர். ஐம்பது தாண்டியவர். நிலானியோடு ஒன்பது ஆண்டும் அந்த ஒரே அறையில் வேலை செய்தவர். ஒரு திங்கட்கிழமை அவரால் முடியவில்லை. பிள்ளைகளை வட்டமாக இருத்தி, நிலானி டீச்சர் செத்துப் போயிட்டா, இனி வரமாட்டா என்று சொன்னார். அட்டையையும் கழற்றி மேசை லாச்சிக்குள் வைத்தார். சங்கத்தில் யாரிடமும் கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமைத் தலைவர் அஸ்மியா. காத்தான்குடி எல்லையிலிருந்து வருபவள். நாலரை வயது. அவள் பலகையைப் பார்த்தாள். நிலானி டீச்சர் பள்ளியிலும் இல்லை, வீட்டிலும் இல்லை. பலகையில் மூன்றாவது இடம் கிடையாது. இதை விசாரிக்க வேண்டியது தலைவரின் வேலை. இடைவேளையில் எல்லோரும் கடலை தின்னும்போது அவள் வெளியே இறங்கினாள். டீச்சர் வீடு பள்ளியிலிருந்து மூன்றாவது வளவு.

4.

“இது நிலானி டீச்சர்ட வீடா?”

“ஓம்” என்றான் சுஜீவன்.

சரியான பதில். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான் எழுதப்படும். கல்யாணம் முடித்து ஆண்தான் அங்கே வந்து சேருவான். தபால்காரருக்கும் மீன்காரருக்கும் அது டீச்சர் வீடு. ஏழு கிழமையாக அந்தக் கேள்விக்கு அவன் யோசிக்காமல் ஓம் சொல்லிவந்தான்.

“நீங்க டீச்சர்ட மாப்புளயா?”

“ஓம்.”

“எங்கட வாப்பாக்கும் தாடி இரிக்கி. அவர் சீவுவார்.”

“ம்.”

“உங்கடதுல சோறு ஒட்டிக் கிடக்கு.”

அவன் துடைத்தான்.

“டீச்சர் உள்ளுக்க இரிக்காவா?”

“ஓம்.”

“என்ன செய்றா?”

“நித்திரை.”

“இந்த நேரத்திலயா?”

“ஓம்.”

அஸ்மியா முற்றத்துக்கு மேலால் வீட்டை எட்டிப் பார்த்தாள். பிறகு குரலை இறக்கி, “அப்ப எழுப்பாதீங்க” என்றாள். படலையைக் கிறீச்சிடாமல் இரண்டு கையாலும் பிடித்துச் சாத்திவிட்டுப் போனாள்.

சுஜீவன் நின்ற இடத்திலேயே நின்றான். அந்தச் சொல் தன் வாயிலிருந்துதான் வந்ததா என்று தாடையைத் தொட்டுப் பார்த்தான். உள்ளே போனான். அறைக் கதவைத் திறந்து கட்டிலைப் பார்த்தான்.

ஏன் பார்த்தான் என்று என்னிடம் கேட்காதீர்கள். கட்டிலில் துவைத்த துணிகள் கிடந்தன.

5.

[இந்த இடத்தில் எனக்குச் சுஜீவன்மேல் சந்தேகம் வருகிறது. உங்களுக்கும் வரலாம்.

ஒரு வளர்ந்த ஆள் அப்படிச் சொல்வானா? அவனைக் காப்பாற்றக் காரணங்கள் எழுதிப் பார்த்தேன். பிள்ளை அழக்கூடாது என்று நினைத்து— இல்லை, அவன் ஒன்றும் நினைக்கவில்லை. அதிர்ச்சியில் வாய் தவறி— ஏழு கிழமையும் தவறாத வாய். ஒரு கணம் அவள் உண்மையிலேயே உள்ளே—

இந்த வசனத்தை முடிக்காமல் விடுகிறேன்.

தாடியில் சோறு இருந்தது பொய். அன்று பத்து மணிவரை அவன் சாப்பிட்டிருக்கவில்லை. அஸ்மியாவை நீங்கள் உடனே பார்க்க வேண்டும் என்பதற்காகச் சேர்த்தேன். மற்றதெல்லாம் அவள் பேசியது.]

6.

வியாழன் பின்னேரம் இமெல்டா டீச்சர் வந்தார். குடையை மடக்கவில்லை. உள்ளே வாங்க என்றதற்கும் வரவில்லை.

“தம்பி, ரெண்டு நாளா நேசரிச் சத்தம் உனக்குக் கேட்டதா?”

சுஜீவன் யோசித்தான். காலை எட்டரைக்குப் பாட்டு மூன்று வளவு தாண்டி வரும். நேற்று வரவில்லை. இன்றும் வரவில்லை.

“இல்லக்கா. லீவாக்கும் எண்டு நினைச்சன்.”

“லீவில்ல. இருபத்தொரு பிள்ளையளும் வந்திருக்கு. ஒண்டும் பாடுதில்ல. ஊஞ்சல்ல ஏறினாலும் வாயப் பொத்திக்கொண்டுதான் ஆடுதுகள். நேத்து ஒருத்தன் விழுந்து முழங்கால் உரிஞ்சு ரத்தம் வருது, சத்தமில்லாம அழுறான். என்ன மனே, வாய விட்டு அழு எண்டா, டீச்சர் நித்திரை, எழும்பிருவா எண்டுறான்.”

அவன் படலையைப் பிடித்துக்கொண்டான்.

“நீயா சொன்னது?”

“ஓம்.”

“என்னத்துக்குத் தம்பி?”

அவன் படலைக் கொளுக்கியைப் போட்டான், எடுத்தான்.

“ஒரு மாசமா வயித்தில நெருப்பக் கட்டிக்கொண்டு திரிஞ்சு அதச் சொன்னன். சங்கத்துக்காரர் என்னில ஏறி விழுந்தாங்க. பரவால்ல எண்டு இருந்தன். இப்ப அதுகளுக்கு நான் பொய்க்காரி. அஸ்மியா வந்து என்னட்டச் சொல்றாள், பொய் சொன்னா அல்லாஹ் கேப்பான் டீச்சர் எண்டு. நல்ல காலம், எங்கட அந்தோனியாரையும் சாட்சிக்குக் கூப்பிடாம விட்டாள். அட்டையத் தாங்க எண்டு நிண்டாள். எடுத்துக் குடுத்தன். வேற என்ன செய்ற?”

“நீங்க திருப்பிச் சொல்லுங்கக்கா.”

“நான் சொன்னா ஆர் நம்புற? வீட்டுக்க இருக்கிறவன் சொல்லிட்டானே. நீதான் வரணும். நாளைக்கு வா. மறுகா ஒண்டு கேள். சாமிட்டப் போயிட்டா, தூரத்துக்குப் போயிட்டா, அந்தக் கதையெல்லாம் வேணாம். போயிட்டா எண்டா வருவா எண்டு வாசலப் பாத்துக்கொண்டிருக்கும். நித்திரை எண்டா என்ன நடக்கும் எண்டு நீயே செய்து காட்டிட்டாய். நேராச் சொல்லு.”

“நேரா எண்டா?”

“செத்துப் போயிட்டா எண்டு.” இமெல்டா டீச்சர் குடையை உயர்த்தி அவன் முகத்தைப் பார்த்தார். “நீ அத இன்னும் ஒருத்தருக்கும் சொல்லயில்ல, என்ன?”

சொல்லவில்லை. மரண அறிவித்தலை அச்சகத்துக்கு மைத்துனன் கொண்டுபோனான். தொலைபேசி அழைப்புகளை நிலானியின் தாய், மாமி, எடுத்தார். கச்சேரியில் அவன் லீவு கேட்பதற்கு முன்பே எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அந்தச் சொல்லை அவன் சொல்ல வேண்டிய தேவை ஒருபோதும் வந்ததில்லை.

7.

இங்கே என்னிடம் இரண்டு முடிவுகள் தயாராக இருக்கின்றன.

ஒன்றில் சுஜீவன் போகவில்லை. லீவை முடித்துக்கொண்டு வேலைக்குத் திரும்புகிறான். ஆண்டு முடிகிறது, அஸ்மியாவும் மற்றவர்களும் முதலாம் தரத்துக்குப் பெரிய பள்ளிக்கூடங்களுக்குப் பிரிந்து போகிறார்கள். அங்கே இருநூறு பிள்ளைகளின் இரைச்சலில் குசுகுசுப்பு மறந்துபோகிறது. இப்படி நடந்திருக்கலாம். இமெல்டா டீச்சர் மட்டும் கடைசிவரை பொய்க்காரி.

மற்றதில் சுஜீவன் போகிறான், சொல்கிறான், ஒரு குழந்தை எழுந்து வந்து அவன் கண்ணைத் துடைக்கிறது, எல்லோரும் சேர்ந்து நிலானிக்குப் பிடித்த பாட்டை— மலர்க்குழுவுக்கு இது பிடிக்கும். எழுதிய பக்கத்தைக் கிழித்தேன்.

8.

வெள்ளிக்கிழமை காலை அவன் போனான்.

செருப்புகள் வரிசையாக இருந்தன. உள்ளே இருபத்தொரு பேர் பாயில் இருந்தார்கள். கதை பேசினார்கள், சண்டை பிடித்தார்கள், ஒருத்தி இன்னொருத்தியின் பென்சிலைப் பறித்தாள். எல்லாம் மூச்சுக் காற்றில். உதடுகள் அசைந்தன. கூரைத் தகரத்தில் காகம் நடப்பது தெளிவாகக் கேட்டது. சுஜீவன் செருப்பைக் கழற்றி வரிசையின் கடைசியில் வைத்தான். தன் ஒரு சொல் இந்த அறையை இப்படி ஆக்கியிருக்கிறது.

அவன் பாயில் உட்கார்ந்தான்.

“எழும்பிட்டாவா?” என்று அருகிலிருந்தவன் காதுக்குள் கேட்டான்.

“இல்ல” என்றான் சுஜீவன். “நிலானி டீச்சர் செத்துப் போயிட்டா.”

அவனும் குசுகுசுத்துத்தான் சொன்னான். யாருக்கும் கேட்கவில்லை.

“சத்தமாச் சொல்லு தம்பி” என்றார் இமெல்டா டீச்சர் பின்னாலிருந்து.

அவன் தொண்டையைச் செருமினான். முன்வரிசையில் இரண்டு பேர் உஸ் என்றார்கள்.

“நிலானி டீச்சர் செத்துப் போயிட்டா.”

சொல் தகரத்தில் பட்டு இறங்கியது. காகம் பறந்தது. பிள்ளைகள் வாசலைப் பார்த்தார்கள், நிலானி டீச்சர் எழும்பி வருகிறாரா என்று. யாரும் வரவில்லை.

“எப்ப?”

“ஆகஸ்டில. நீங்க லீவில இருக்கக்குள்ள.”

“நொந்ததா?”

“கொஞ்ச நேரம். மறுகா நோகல்ல.”

“இப்ப எங்க?”

“சேமக்காலையில. மண்ணுக்குள்ள.”

“இமெல்டா டீச்சர் சொன்னது மெய்யா?”

“மெய். அவ மெய்தான் சொன்னவ. நான்தான் பொய் சொன்னன்.”

ஒருவனின் சாப்பாட்டுப் பெட்டி மடியிலிருந்து நழுவிச் சீமெந்தில் விழுந்தது. பெரிய சத்தம். யாரும் உஸ் என்று சொல்லவில்லை.

இத்தோடு நிறுத்தியிருந்தால் ஒரு கதை முடிந்திருக்கும், மலருக்கும் அனுப்பியிருப்பேன். ஆனால் அஸ்மியா எழுந்து நின்றாள். அழவில்லை. தலைவர் விசாரிப்பது போலவே கேட்டாள்.

“நான் வந்த நேரம் டீச்சர் உள்ளுக்க இல்லயா?”

“இல்ல.”

“உங்களுக்குத் தெரியுமா இல்ல எண்டு?”

“தெரியும்.”

“அப்ப ஏன் நித்திரை எண்டு சொன்னீங்க?”

சுஜீவன் வாயைத் திறந்தான்.

[இவ்வளவுதான் என்னால். அன்று அவன் ஏதோ சொன்னான். அது பதில் இல்லை என்பது அவளுடைய முகத்தில் தெரிந்தது. பிறகு நான் பல பதில்கள் எழுதிப் பார்த்தேன். பெரியவர்கள் தலையாட்டக்கூடிய பதில்கள். அவளுக்கு நாலரை வயது.

இமெல்டா டீச்சர் உதவிக்கு வரவில்லை. அவருக்கும் அது தெரிய வேண்டியிருந்தது. இருபது பேர் பாயில் இருந்தபடி அண்ணாந்து பார்க்கிறார்கள். அஸ்மியா நிற்கிறாள். நான் எழுதுவதை விட்டாலும் அவள் உட்காரப் போவதில்லை.

நீங்கள் சொல்லுங்கள். அவளுக்கு விளங்கும்படி. பின்வரிசைக்கும் கேட்க வேண்டும்.]