ஒன்றாம் நம்பர் பொத்தான்

அந்த வாடகைக் கார் ஆபீசில் அவளை எல்லோரும் கடுகு என்றுதான் கூப்பிடுவார்கள். ஆள் குள்ளம் என்பது பாதிக் காரணம். சூடேறினால் வெடிப்பாள் என்பது மீதி. போன் எடுக்கும் மேசையில் வருஷக்கணக்காக உட்கார்ந்து, மேனேஜரை நச்சரித்து நச்சரித்து, போன மாதம்தான் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தாள். அதற்குள் அந்த வேலைக்கு வேட்டு வைக்க ஒரு சீட் கிளம்பிவிட்டது.

இருப்பதிலேயே பெரிய கார் அது. காலையில் அவள் ஓட்டுவாள், மதியத்துக்கு மேல் நெட்டை அண்ணன் என்று எல்லோரும் கூப்பிடும் மூத்த டிரைவர். சீட்டை நகர்த்த மோட்டார் உண்டு. ஓட்டுபவரின் கதவில் இரண்டு பொத்தான்கள் உண்டு. ஒன்றில் அண்ணனின் அளவு, இரண்டில் இவள் அளவு. தொட்டால் போதும், சீட் தானே முன்பின் நகர்ந்து, ஏறி இறங்கி, மாப்பிள்ளைக்குப் போடுகிற நாற்காலி மாதிரி தயாராக நிற்கும். நிற்க வேண்டும். ஆனால் கொஞ்ச நாளாக அண்ணன் ஒன்றாம் நம்பரைத் தொட்டால் சீட் இவள் அளவைவிட்டு அசைவதே இல்லை. முழங்கால் ஸ்டியரிங்கில் இடிக்க, அவர் நேரே மேனேஜரிடம் போனார்.

“அவ நம்பர் பத்திரமா இருக்கு. என்னுது மட்டும் தினம் அழிஞ்சுபோகுது. இதைக் கண்டுபிடிக்க போலீஸா வரணும்?”

மேனேஜர் கடுகைக் கூப்பிட்டார். “இன்னொரு புகார் வந்துச்சுன்னா, நீ பழையபடி போன் மேசைக்குப் போயிடும்மா.”

கடுகுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் அந்தப் பொத்தானைத் தொட்டதே இல்லை. நேராக ஒர்க்‌ஷாப் எலக்ட்ரீஷியனிடம் வண்டியை விட்டாள்.

“மோட்டார் எவ்வளவு சுத்துச்சுன்னு எண்ணி, சீட்டுக்கு அடியில ஒரு பெட்டி ஞாபகம் வச்சிருக்கு” என்றார் அவர். “லேசா தட்டினா அந்த இடத்துக்குப் போகும். டிங்னு சத்தம் வர்ற வரைக்கும் அமுக்கிப் பிடிச்சா, பழசை அழிச்சிட்டு இப்ப இருக்கிற இடத்தைப் பதிஞ்சுக்கும். நேத்துகூட அண்ணனுக்கு நான்தான் பதிஞ்சு குடுத்தேன். பெட்டி நல்லாத்தான் இருக்கு. யாரோ அழிக்கறாங்க.”

“யாரோன்னா? ஓட்டறதே ரெண்டு பேரு.”

எலக்ட்ரீஷியன் அவளை ஏற இறங்கப் பார்த்தார். நான் தொடவில்லை, அப்படியானால் நெட்டை அண்ணன்தான் தன் அளவைத் தானே அழித்து என்னை மாட்டிவிடுகிறார் என்று கடுகு முடிவுகட்டினாள். கையும் களவுமாகப் பிடித்துவிடுவது என்று கிளம்பினாள்.

மதியம் சாவியைக் கொடுத்தவள் வீட்டுக்குப் போகவில்லை. சுற்றி வந்து பக்கத்து சீட்டில் ஏறிக்கொண்டாள்.

“என்ன, போகலையா?”

“நீங்க சீட்டைச் சரிபண்ணுங்கண்ணே. பாத்துட்டுப் போறேன்.”

நெட்டை அண்ணன் உடம்பை மூன்றாக மடித்து உள்ளே நுழைந்தார். ரேடியோவைப் போட்டார். கட்டைவிரலை ஒன்றாம் நம்பரில் வைத்து அமுக்கினார், எடுக்கவே இல்லை. பாட்டுக்கு நடுவே டிங் என்றது.

“பாத்தியா? அசையுதா? இதைத்தானே சொல்றேன்!”

அவர் முகத்தில் கோபம்தான் இருந்தது, கள்ளம் துளியும் இல்லை. கடுகு வரும் வழியெல்லாம் சேர்த்துவைத்த வசவு வீணாய்ப் போனது.

“ஏண்ணே விரலை எடுக்காம அமுக்கறீங்க?”

“எடுத்தா நின்னுடாது? பழைய வண்டியில சீட் போய்ச் சேர்ற வரைக்கும் அமுக்கிட்டே இருக்கணும். எத்தனை வருஷப் பழக்கம்!”

“அந்த டிங்?”

“ரெடின்னு சொல்லுது.”

“அழிச்சாச்சுன்னு சொல்லுது.”

நம்ப மறுத்தார். கடுகு விடவில்லை. அவர் அளவுக்கு சீட்டை நகர்த்தச் சொல்லி, டிங் வரும்வரை ஒன்றை அமுக்கச் சொன்னாள். பிறகு இரண்டைத் தட்டிவிட்டு விரலை எடுக்கச் சொன்னாள். சீட் அவரைச் சுமந்துகொண்டு ஸ்டியரிங்கை நோக்கிப் போனது. அவர் வயிற்றை எக்கிக்கொண்டு அலறினார்.

“ஒன்னைத் தட்டுங்க. தட்டிட்டு விட்டுடுங்க.”

தட்டினார். சீட் அவரை நிதானமாகப் பின்னுக்குக் கொண்டுபோய் அவர் இடத்தில் விட்டது. அண்ணன் தன் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அட, தினம் நானேதானா?” என்று அசடு வழிந்தார். “சரி, போனது போகட்டும். இறங்கும்மா, ஆளுங்க காத்திருக்காங்க.”

கடுகு சீட் பெல்ட்டை இழுத்து மாட்டிக்கொண்டாள். “மேனேஜருக்குப் போன் போடுங்க.”

“சாயங்காலம் சொல்றேன்மா.”

“புகார் சொல்ல சாயங்காலம் வரைக்கும் காத்திருந்தீங்களா? இது என் பொழப்புண்ணே. நீங்க பேசற வரைக்கும் நான் இறங்கமாட்டேன்.”

வேறு வழியில்லாமல் போட்டார். ஸ்பீக்கரிலும் போட வைத்தாள்.

“என்னப்பா, மறுபடியும் அழிச்சிட்டாளா?” என்றது மேனேஜரின் குரல்.

“இல்ல சார். அழிச்சது நான்தான். தெரியாம.”

மேனேஜர் சிரித்தார். “பாவம் பாத்துப் பேசறியா? விடு. நான் வேற ஆள் பாத்துட்டேன். உனக்கும் தொல்லை விட்டுச்சு.”

அண்ணன் போனையே பார்த்தார். அந்த நேரத்தில் கடுகுக்கு உண்மையாகவே பயமாக இருந்தது. இதற்குமேல் அவள் பிடிவாதம் எதுவும் செய்யாது, சரி என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. அவர் பக்கம் திரும்பாமல் எதிரே இருந்த சுவரையே பார்த்தாள்.

“சார், பட்டன் அமுக்கத் தெரியாதவன் நான்” என்றார் அண்ணன். குரல் கறாராக இருந்தது. “அதுக்கு அவளை மாத்துவீங்களா? மாத்தித்தான் ஆகணும்னா, போன் மேசையில என்னை உட்காரவைங்க.”

அந்தப் பக்கம் பெருமூச்சு கேட்டது. “சரிப்பா, சரி. காலையில அவளே எடுக்கட்டும்.”

கடுகு பெல்ட்டைக் கழற்றி இறங்கினாள். நன்றி சொல்ல வாயெடுத்தால் அழுதுவிடுவோம் என்று தெரிந்தது. கதவை அழுத்திச் சாத்திவிட்டு, வண்டி வாசலைத் தாண்டும்வரை அங்கேயே விறைப்பாக நின்றாள்.